உள்பக்கக் கம்பி

எனக்கு நாற்பத்து மூன்று வயது, என் மகளுக்குப் பதினைந்து. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இனிமே வீட்டுல காந்தம் வெக்க முடியாது" என்றார். அந்த மனிதருக்கு வருஷத்துக்கு ஒரு நகைச்சுவைதான் வரும். இந்த வருஷத்துக்கானது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

என் மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். கீழ்வரிசையோ கூட்ட நேரத்தில் ரயில் ஏறுகிறவர்களைப் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் அந்தத் தெத்துப்பல்தான் அழகே என்று சொன்னவர், இப்போது நான் சிரித்தால் காபியைத்தான் பார்க்கிறார். அது போகட்டும். கம்பி போட வேண்டும் என்ற ஆசை எனக்குள் பல வருஷமாகக் கிடந்தது. அதைக் கிளப்பிவிட்டது ஒரு சுற்றறிக்கை.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். கூட வேலை பார்க்கிறவர்கள் என்னை 'மைக்கக்கா' என்பார்கள். பதினெட்டு வருஷமாக நான் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருத்தருக்கும் என் முகம் தெரியாது.

ஊருக்கு நடுவே புதிய ரயில் பாதை ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பெட்டிகளுக்குள் ஒலிக்கத் தமிழில் ஒரே ஒரு குரலைப் பதிவு செய்து வைக்கப் போகிறார்கள். அதற்கான கடைசி ஐந்து பேர் பட்டியலில் என் பெயர் இருந்தது. இருபதாம் தேதி குரல் தேர்வு. தேர்வாகிறவரின் படத்தை எல்லா நிலையங்களிலும் ஒட்டுவார்கள் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டே ஒன்றிலிருந்து நூறு வரை எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எழுபதைத் தாண்டும்போது அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்தது. எல்லா நிலையங்களிலும் என் தெத்துப்பல்லா?

மகளுக்கு ஏற்கெனவே பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தோம். அவளோடு சேர்ந்து நானும் போட்டுக்கொள்கிறேன் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். படம் எடுப்பதற்குள் பல் நேராகுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரி. மேஜைமேல் நான்கு தாடைகளை வரிசையாக வைத்திருந்தாள். எல்லாம் பிளாஸ்டிக். ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் கம்பி. என் மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். 'வெளியே தெரியுமா, வலிக்குமா, எத்தனை மாசம், எதெல்லாம் தின்னக் கூடாது' என்று தலைப்புகள். கணக்குப் பாடத்துக்கு அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது சாதாரண உலோகம்" என்று முதல் தாடையை எடுத்தாள் டாக்டர். "பல்லு முன்பக்கம் சின்னச் சின்னதா ஒட்டி, நடுவுல கம்பி ஓடும். ரொம்ப கோணலா இருந்தாலும் இழுத்துக்கிட்டு வந்துடும். ஆனா வாயைத் திறந்தா பளிச்சுன்னு தெரியும். ரப்பர் வளையம் எந்தக் கலர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"எந்தக் கலர்லயுமா?" என்றாள் மகள். அவள் கட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது செராமிக். பல்லின் நிறத்திலேயே இருக்கும். தள்ளி நின்றால் தெரியாது, பக்கத்தில் வந்தால் தெரியும், கொஞ்சம் தடிமன், காபி குடித்தால் வளையம் பழுத்துப்போகும். ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிக்கிறவளுக்கு அது சரிப்படாது. மூன்றாவதில் கம்பியே இல்லை, கண்ணாடி மாதிரி ஒரு உறை. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். நான் அதற்குத்தான் கையை நீட்டினேன். டாக்டர் என் தெத்துப்பல்லைக் கண்ணாடிக் குச்சியால் தட்டினாள்.

"இது மேல ஏறி திரும்பி வேற நிக்குது. உறை இதைப் புடிச்சு எறக்குறதுக்குள்ள ரொம்ப நாளாயிடும். அதுவும் அளவெடுத்துச் செஞ்சு வர மூணு வாரம் ஆகும்."

நான்காவது தாடையை முன்னாலிருந்து பார்த்தால் வெறும் பல்தான். திருப்பிக் காட்டினாள். கம்பியெல்லாம் பல்லுக்குப் பின்பக்கம், நாக்கு படுத்திருக்கிற பக்கம்.

"வெளியில தெரியவே தெரியாதா?" என்றேன்.

"நீங்களா சொன்னாத்தான் தெரியும். ஆனா நாக்கு இடிக்கும். பேச்சு ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு இன்னும் அதிக நாள் கொழகொழன்னு இருக்கும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

இந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. நான் அறிவிப்பாளர் என்று யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் போதும், கல்யாண வீடோ கடைத்தெருவோ, 'எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க' என்று பிடித்துக்கொள்வார்கள். கண் டாக்டரிடம் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லி, சொட்டு மருந்து வழிய வழிய இரண்டு வண்டிகளை அறிவித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ரயில்வேல ஆபீஸ் வேலை. ஃபைல் பாக்குறது."

"அப்ப பேச்சு பிரச்சினை இல்ல" என்றாள் டாக்டர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் காலை மிதித்தேன். பேச்சு பழகிவிடும், எனக்கு இரண்டு வாரமெல்லாம் வேண்டாம், இரண்டு நாள் போதும் என்று அப்போது மனதாரத்தான் நினைத்தேன். வாய் என்னுடையது, நாக்கும் என்னுடையது, பதினெட்டு வருஷமாகச் சொன்னபடி கேட்டது. இனிமேல் மட்டும் கேட்காமலா போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

அளவெடுத்து, எல்லாம் செய்து வந்து, ஒன்பதாம் தேதி ஒட்டினார்கள். இரண்டு மணி நேரம் அண்ணாந்து கிடந்தேன். எனக்கு முன்பே முடிந்துவிட்ட மகள் ஊதாவும் பச்சையுமாக வளையம் போட்டுக்கொண்டு, அங்கிருந்த ஒவ்வொரு கண்ணாடியிலும் ஈ என்று இளித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் டாக்டர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

சொன்னேன் என்றா சொல்கிறேன்? வாயிலிருந்து வந்தது காற்று போகிற சைக்கிள் டியூப்பின் சத்தம்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேருந்தில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நாக்கு எங்கே போனாலும் கம்பியில் முட்டியது. தகரம், நகரம், லகரம் மூன்றும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னைக் கைவிட்டன. சகரத்தில் சீழ்க்கை அடித்தது. மறுநாள் வேலையில் ஒரே ஒரு அறிவிப்பு கொடுத்தேன். நிலைய மேலாளர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா? குடிச்சிருக்கியான்னு டிக்கெட் கவுண்டர்ல கேக்குறாங்க."

பதினெட்டு வருஷத்தில் நான் மைக் முன்னால் அழுததில்லை. அன்று அதை அணைத்துவிட்டு அழுதேன். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. முகமே தெரியாத வேலையில் இருந்துகொண்டு முகத்தை அழகாக்குவதற்காகக் குரலை விற்றுவிட்டு வந்து நிற்கிறேனே, என்னைப்போல ஒரு மடச்சி உண்டா என்று என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். திட்டுகூடத் தெளிவாக வரவில்லை.

அன்று மாலையே மகளையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். போகும்போது கோபம் முழுக்க டாக்டர் மேல்தான் இருந்தது. போய் நின்று ஒரு மூச்சுக் கத்தினேன். பாதி அவளுக்குப் புரியவில்லை. மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"அம்மா ஸ்டேஷன்ல அனவுன்சர் டாக்டர். இருபதாம் தேதி வாய்ஸ் டெஸ்ட். தோத்துட்டா உங்களைச் சும்மா விட மாட்டாளாம்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். "அனவுன்சரா? ஃபைல் பாக்குறேன்னு சொன்னீங்களே. நீங்க வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் பின்பக்கம் கையே வெச்சிருக்க மாட்டேனே."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கினாலும் கம்பியில் மாட்டிக்கொள்ளும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"கழட்டிடலாம்" என்றாள் டாக்டர். "தேர்வு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வாகிவிட்டால் அடுத்த நாளே பதிவு தொடங்குகிறது. அது எத்தனை மாசம் போகுமோ தெரியாது. தேர்வில் ஒரு வாய், பதிவில் இன்னொரு வாய் என்று வைத்துக்கொள்ள முடியாது. அது முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று இந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் மறுபடி வந்து உட்கார மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் 'அப்புறம் அப்புறம்' என்று நாற்பத்து மூன்று வயது ஆக்கியிருக்கிறேன்.

"எனக்குக் கம்பியும் வேணும், குரலும் வேணும்" என்றேன். மகள் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் நான்கு தாடைகளையும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்து நர்ஸைக் கூப்பிட்டாள். "நாலும் நம்ம கையில இருக்கு. பேசிப் பாத்துடலாம்."

எனக்குப் புரியவில்லை. டாக்டர் தன் வாயில் விரலை விட்டு மேல்வரிசையிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு உறையை உரித்துக் காட்டினாள். நான்கு மாசமாகப் போட்டிருக்கிறாளாம். எனக்கெதிரே உட்கார்ந்து அத்தனை பேசினாள், நான் கவனிக்கவே இல்லை. நர்ஸ் சிரித்தாள். அவள் பல்லில் செராமிக். மகள் வாயில் ஊதாவும் பச்சையும். என் வாயில் இந்தச் சனியன். நான்கு வகையும் நான்கு வாயில் இருந்தன.

என் கைப்பையில் பயிற்சித்தாள் இருந்தது. அதில் ஒரு வரியைக் காட்டினேன். 'அடுத்த நிறுத்தத்தில் கதவுகள் இடதுபுறம் திறக்கும். சன்னல்மீது சாய்ந்து நிற்காதீர்கள்.' வேண்டுமென்றே நாக்கை வம்புக்கு இழுப்பதற்காக எழுதிய வரி அது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். முகம் பார்க்காமல் குரலை மட்டும் எடை போடுவது எனக்குக் கைவந்த வேலை.

முதலில் டாக்டர் உறையோடு வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது, சகரத்தில் மட்டும் எச்சில் ஒட்டினாற்போல ஒரு ஈரம். அடுத்து நர்ஸ். நாக்குச் சுத்தமாக இருந்தது. ஆனால் தடிமனான செராமிக்குக்கு மேல் உதட்டை மூடுவதற்குள் பகரம் அரை நொடி தாமதித்தது. காத்திருந்த மற்ற நோயாளிகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பல்வலிக்கு வந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சுது" என்றார்.

மூன்றாவதாக மகள் வாசித்தாள். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். தகரம் தகரமாக இருந்தது, சகரம் சகரமாக இருந்தது. முன்பக்கம் மெல்லிய உலோகம், உள்ளே நாக்குக்குத் தடையே இல்லை. 'நிற்காதீர்கள்' என்பதை அவள் என் குரலிலேயே சொன்னாள். இத்தனை வருஷம் நான் வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது ஊறிப்போயிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இரும்புதான்" என்றேன். "அதையே போடுங்க."

"யோசிச்சுக்குங்க. வெளிய தெரியும். உதடு உள்பக்கம் ஒரு வாரம் புண்ணாகும். போஸ்டர்ல ஃபோட்டோ வேற இருக்குன்னு உங்க பொண்ணு சொல்றா."

"ஃபோட்டோ கெடக்குது டாக்டர். ஃபோட்டோ பேசாது."

மறுநாள் காலையிலிருந்து மதியம்வரை உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, வெளியே ஒவ்வொன்றாக ஒட்டினாள். முடிந்ததும் கண்ணாடியைக்கூட நான் கேட்கவில்லை. 'அடுத்த நிறுத்தத்தில்' என்று ஆரம்பித்தேன். நாக்கு மேலே போய்ப் பல்லைத் தொட்டது. வழுவழுவென்று என் சொந்தப் பல். அந்தச் சந்தோஷத்தில் டாக்டரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், எச்சில் உறிஞ்சுகிற குழாய் இன்னும் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எது அம்மா, எது பொண்ணு?" என்றார். இரண்டாவது நகைச்சுவை. அவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டே நாள். உதடு உள்பக்கம் ரணகளம். டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டிக் கம்பிமேல் ஒட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தேன். பல்லைக் கடிப்பதும் வலித்தது. மகள் எதிரே உட்கார்ந்து தவறு விட்ட இடத்தில் ஸ்பூனால் மேஜையைத் தட்டினாள். கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள் என்றே சொல்ல வேண்டும். உதடு கம்பிமேல் ஏறி மூடுவதற்காக ஒவ்வொரு பகரத்தையும் மகரத்தையும் நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் வழக்கமான ஓட்டத்தில் பாதி வேகம்தான் வந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இருபதாம் தேதி ஐந்து பேரும் போனோம். வாசலிலேயே எல்லோரையும் படம் எடுத்தார்கள். படம் எடுக்கிறவர் என் வாயைப் பார்த்துத் தயங்கி, "மேடம், வாயை மூடிக்கிட்டே சிரிங்களேன்" என்றார்.

"குரல் மூடுன வாயிலேர்ந்தா வருது?" என்று கேட்டு எல்லாப் பல்லையும் காட்டினேன். அவர் பிளாஷ் கம்பியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூசச் செய்திருக்கும்.

உள்ளே பஞ்சு ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் திரை போட்டிருந்தார்கள், கேட்கிறவர்கள் யாருக்கும் எங்களைத் தெரியாது. எனக்கு மூன்றாம் எண். நிறுத்தங்களின் பெயர்கள், கதவு எச்சரிக்கைகள், பிறகு ஒன்றிலிருந்து நூறு. அறுபத்தெட்டில் மெழுகு கழன்று விழுந்தது. கம்பி முனை உதட்டில் குத்தியது. எழுபத்தொன்றில் ரத்தம் உப்புக் கரித்தது. நிறுத்தினால் போச்சு. எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று என்று நடைபாதையில் நடக்கிறவளைப் போலப் போய்க்கொண்டே இருந்தேன். நூறு சொல்லிவிட்டுத்தான் எச்சிலை விழுங்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"அதானே பாத்தேன்" என்றார். "மூணாம் நம்பர் குரல்ல ஒரு விசேஷம் இருந்துச்சு. மத்தவங்க 'ப' சொன்னா மைக்ல காத்து டப்பு டப்புன்னு அடிக்குது. உங்களுது அடிக்கல. ஒவ்வொரு எழுத்தையும் மூடித் தொறந்து சொல்றீங்க. இரைச்சல்ல போட்டுப் பாத்தோம், உங்க வார்த்தை மட்டும்தான் முழுசா கேட்டுச்சு. இந்தக் கம்பியாலதானா அது?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஒரு சிக்கல் இருக்கும்மா. இப்ப பாதி நிலையங்களுக்குத்தான் பதிவு பண்றோம். மீதிப் பாதை தெறக்க ரெண்டரை வருஷம் ஆகும். அப்ப வந்து மீதிப் பேரைச் சொல்லணும். பழைய வார்த்தையும் புது வார்த்தையும் ஒட்டி ஒரே வாக்கியமா வரணும். நடுவுல கம்பியைக் கழட்டிட்டீங்கன்னா குரல் ஒட்டாது. அதுவரைக்கும் கழட்ட மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்தா வேலை உங்களுக்கு. இல்லன்னா அஞ்சாம் நம்பருக்கு. நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும்."

எனக்குப் போட்ட கம்பி ஒன்றரை வருஷத்துக்கு. அதற்கு மேல் ஒரு வருஷம் நேராகிவிட்ட பல்லின்மேல் இரும்பைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். என் மகளுடையது கழன்று, அவள் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும்போதும் நான் இப்படியே இருப்பேன்.

"பேனா குடுங்க" என்றேன்.

கையெழுத்து போட்டுவிட்டு வெளியே வந்து டாக்டருக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மாசா மாசம் வந்து சுத்தம் பண்ணிக்கிட்டா வெச்சுக்கலாம், தப்பில்ல" என்றாள். "ஆனா பல்லு நேரானதுக்கப்புறம் அந்தக் கம்பிக்கு ஒரு வேலையும் இருக்காதே, அக்கா. ஒரு வருஷம் சும்மாவே கெடக்கும்."

"சும்மா எப்படி டாக்டர் கெடக்கும்?" என்றேன். "அதுக்குத்தான் இப்ப ரயில்வேல வேலை கெடச்சிருக்கே."